வீட்டுக்கு வந்த புல்வெட்டும் இயந்திரம்

(தோட்டப் பொதுமண்டபத்தில், கூட்டுத் துப்புரவுப் பணிக்குப் பின்னர் நிகழ்த்திய உரை)



காலை 7 மணி முதல் இந்த மண்டபத்தைச் சுற்றியிருந்த புதர்களை வெட்டி, கால்வாயைச் சீர்செய்து, வியர்வை உலரும் முன்னரே இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். இந்நேரத்தில் நீண்ட உரை எவருக்கும் இனிக்காது என்பதை நாம் அறிவோம். ஆயினும், இன்று காலை கண்ட ஒரு காட்சி, பேச வேண்டிய பொருளைத் தானே நமக்கு எடுத்துக் கொடுத்தது. ஐந்து இளைஞர்கள் ஐந்து இயந்திரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டினார்கள். அவர்களுள் காப்புக் கண்ணாடி அணிந்திருந்தவர் ஒருவரே. இருவர் காலில் வெறும் இரப்பர்ச் செருப்பு. வெட்டுமிடத்திலிருந்து நாலைந்து எட்டுத் தூரத்தில் சிறுவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எவருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை, அதற்காக மகிழ்வோம். ஆனால், தீங்கு நேராமைக்குக் காரணம் நமது கவனமா, அன்றி வெறும் நல்வாய்ப்பா என்பதையே இன்று எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

தோட்டத்து மக்களுக்குப் புல் புதியதன்று. நீண்ட பிடியுடைய கத்தியை வீசி லாலான் புல்லை வெட்டியவர்கள் நம் பாட்டன்மார்கள். அதன் பின்னர், முதுகில் தெளிப்பான் சுமந்து மருந்தடிக்கும் காலம் வந்தது. அந்தச் சுமையைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் நம் தாய்மார்களே. அவர்கள் கையாண்ட களைக்கொல்லிகளுள் ஒன்றான பாராகுவாட், உள்ளே சென்றால் முறிமருந்தே இல்லாத கொடிய நஞ்சு. நமது நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டைச் சுற்றி நஞ்சு தெளிப்பதைவிடப் புல்லை வெட்டிவிடுவதே கீரைப் பாத்திக்கும், கோழிக்கும், குழந்தைக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. லயத்து வீட்டில் வாழ்ந்த காலத்தில் சுற்றுப்புறப் புல்லை வெட்டும் பொறுப்பு நிர்வாகத்தைச் சார்ந்திருந்தது. இன்று நம்மவர்களுள் பலர் தாமான்களில் சொந்த வீட்டுக்குக் குடியேறியுள்ளனர். சொந்த வீட்டுப் புல்லை வீட்டுக்காரரே வெட்டியாக வேண்டும். ஆகவேதான், முன்பு வேலைக்காட்டில் மட்டும் ஒலித்த இயந்திரம் இன்று வீட்டு முற்றத்திலும் ஒலிக்கிறது. வேலைக்காட்டில் கங்காணியின் கண்ணும் மேற்பார்வையும் இருந்தன. வீட்டு முற்றத்தில் நமக்கு நாமே கங்காணி.

ஒரு தகர டப்பாவில் பிறந்த கருவி

இக்கருவி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், 1971இல் தம் காரைக் கழுவும் நிலையத்திற்குச் சென்றார். அங்கே சுழலும் தூரிகைகள் காரின் மூலை முடுக்குகளிலெல்லாம் நுழைந்து அழுக்கை நீக்குவதையும், காரின் வண்ணத்தைக் கெடுக்காமல் விடுவதையும் கவனித்தார். தம் தோட்டத்து மரங்களைச் சுற்றியுள்ள புல்லையும் அவ்வாறே நீக்கலாகாதா என்று எண்ணினார். ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, நாம் தங்கூசி என்று கூறும் மீன்பிடி நரம்பை அதில் கோத்து, புல்வெளியின் ஓரம் வெட்டும் கருவியொன்றில் பொருத்திச் சுழற்றினார். நரம்பு விறைத்து நின்று புல்லை அறுத்தது. அவரது எளிய முயற்சியே உலகெங்கும் பரவிய இந்த இயந்திரத்தின் தொடக்கம்.

மெல்லிய நரம்பு எவ்வாறு வெட்டுகிறது? கூர்மையால் அன்று, வேகத்தால். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். நரம்புத் தலை நிமிடத்திற்கு 6,000 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். அது வினாடிக்கு 100 சுற்று. வெட்டும் வட்டத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர் எனில், நரம்பின் நுனி ஒரு சுற்றில் ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் தூரம் ஓடுகிறது. ஆகவே, வினாடிக்கு 125 மீட்டர். மணிக்கு 450 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகத்தைப் போல நான்கு மடங்கு. அந்த நுனியின் வழியில் ஒரு கூழாங்கல் கிடந்தால் அதன் கதி என்ன? அது கல்லாகக் கிடப்பதில்லை, குண்டாகப் பறக்கிறது.

நாம் செய்த தவறு

பிறருக்கு அறிவுரை கூறும் நாமே ஒரு நாள் தவறினோம். அதனை மறைப்பதில் பயனில்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. புதிதாக வாங்கிய இயந்திரம். 'வினாவை முழுமையாகப் படித்த பின்னரே விடை எழுது' என்று மாணவர்களுக்குப் போதித்த நாம், இயந்திரத்துடன் வந்த கையேட்டைப் பிரித்தும் பார்க்கவில்லை. வேலியோரம் முழங்கால் அளவு வளர்ந்திருந்த புல்லுக்குள் இயந்திரத்தை விட்டோம். 'டக்' என்று ஏதோ தட்டுப்பட்டது. மறுகணமே நமக்குப் பின்னால் வாயிற்கதவுப் பக்கம் தகரம் அதிரும் ஓசை கேட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினோம். பக்கத்து வீட்டுச் சிறுவன், ஏழு வயதுப் பிள்ளை, முறுக்குத் தட்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாயிலில் நின்றிருந்தான். அவன் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நமது தபால் பெட்டியில் ஆழமான குழி விழுந்திருந்தது. துருப்பிடித்த இரும்புக் கம்பித் துண்டு ஒன்று கீழே கிடந்தது.

நேர்ந்தது இன்னதென்று அப்பிள்ளைக்குத் தெரியவில்லை. "அங்கிள், அம்மா இதைக் கொடுக்கச் சொன்னாங்க" என்று தட்டை நீட்டினான். அதை வாங்கிய நம் கை நடுங்கியது. அன்று மாலை அவனுடைய பெற்றோரிடம் சென்று நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். தபால் பெட்டியின் குழியை இன்றுவரை நாம் தட்டிச் சீராக்கவில்லை. ஒவ்வொரு முறை இயந்திரத்தை எடுக்கும்போதும் அது நம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே விட்டுவைத்திருக்கிறோம்.

முதலில் நடந்து பாருங்கள்

ஆகவே, முதல் விதி இதுதான்: இயந்திரத்தை முடுக்கும் முன், வெட்டவிருக்கும் இடம் முழுவதையும் ஒரு முறை நடந்து பாருங்கள். கையில் ஒரு வாளியும் கோலும் இருக்கட்டும். கல், கம்பி, ஓட்டுத் துண்டு, போத்தல் மூடி, கொட்டாங்கச்சி, பால் டின் ஆகியவற்றைப் பொறுக்கி எடுங்கள். கோலால் புல்லைத் தட்டிக்கொண்டே நடந்தால் பாம்பு விலகிச் செல்லும். குளவிக் கூடு இருப்பதும் முன்கூட்டியே தெரியவரும்.

இந்த ஐந்து நிமிட நடைக்கு மற்றொரு பயனும் உண்டு. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் கொட்டாங்கச்சியும் டின்னும் மழைநீரைத் தாங்கி நிற்பவை. அந்நீரே டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் பிள்ளைத் தொட்டில். முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசு பெருக இடமளிப்பது குற்றமாகும். புல்லை மட்டும் வெட்டி டின்னை விட்டுவைத்தால், வளாகம் அழகாகத் தோன்றும். நோய் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது விதி தூரம். இயந்திரத்தின் மீது ஒட்டப்பட்டுள்ள எச்சரிக்கைச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் 15 மீட்டர் என்று குறிக்கப்பட்டிருக்கும். அதாவது, சுமார் 20 எட்டு. அந்த வட்டத்திற்குள் வேறெவரும் இருத்தலாகாது. யாரேனும் நுழைந்தால், கைகாட்டி நிற்கச் சொல்வது போதாது. இயந்திரத்தையே நிறுத்திவிட வேண்டும். 'தாமான் வீட்டு முற்றமே 15 மீட்டர் இராதே!' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்தகைய வீட்டில் பிள்ளைகளை உள்ளே அனுப்பி, கதவையும் சன்னலையும் சாத்துங்கள். பக்கத்து வீட்டாருக்கு முன்னரே சொல்லி, காரையும் நகர்த்தி வைக்கச் செய்யுங்கள். வேலியோரத்தையும் கல் நிறைந்த ஓரங்களையும் கத்தரியால் வெட்டுங்கள். இயந்திரம் இருக்கிறது என்பதற்காக எல்லாப் புல்லையும் இயந்திரத்தாலேயே வெட்ட வேண்டுமென்பதில்லை.

கண், காது, கால்

நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் புல்வெட்டும் இயந்திரத்தால் நேர்ந்த கண் காயங்களைத் தொடர்ந்து கண்டு வருகின்றனர். பார்வையை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. சாதாரண மூக்குக் கண்ணாடி காப்பாகாது. பக்கங்களும் மூடிய காப்புக் கண்ணாடியே வேண்டும். அதன் மேல் முகத்திரையும் அணிவது சிறப்பு. வலைத்திரை மட்டும் அணிந்தால் சிறு துகள்கள் அதன் துளைகள் வழியே நுழையக்கூடும்.

காதைப் பற்றியும் ஒரு சொல். தொழிலாளர் செவிநலத்திற்கான கணக்கின்படி 85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். ஓசை 3 டெசிபல் உயரும்போதெல்லாம் அந்நேரம் பாதியாகக் குறையும். அவ்வாறு கணக்கிட்டால், 100 டெசிபல் ஓசைக்கு 15 நிமிடமே எல்லை. பெட்ரோலில் இயங்கும் பல இயந்திரங்கள் காதருகே ஏறக்குறைய அந்த அளவுக்கு ஒலிப்பவை. ஆகவே, காதடைப்பானோ காதுக் கவசமோ இன்றியமையாதது. கெட்டுப்போன செவி நரம்பு மீண்டும் வளர்வதில்லை.

காலுக்கு முழங்கால்வரை எட்டும் பூட்ஸ், உடலுக்கு நீண்ட காற்சட்டை. இடுப்பும் தோளும் சுமையைச் சமமாகத் தாங்கும்படி வாரைச் சரிசெய்துகொள்க. நீண்ட நேர அதிர்வு விரல்களை மரத்துப் போகச் செய்யும் என்பதால், இடையிடையே நிறுத்தி ஓய்வெடுங்கள்.

எண்ணெயும் பெட்ரோலும்

இவ்வியந்திரங்களுள் பல, 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சு வகையைச் சேர்ந்தவை. இவற்றில் மசகு எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து செல்லும் எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு வழவழப்பைத் தருகிறது. வெறும் பெட்ரோலை ஊற்றினால், சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். வாங்கிய பணமும் அதனோடு இறுகிவிடும். கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். 25க்கு 1 என்றிருந்தால் 40 மில்லிலிட்டர். மூடியால் ஊற்றி மதிப்பிடாமல், அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். நால்வீச்சு வகையாயின், எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. அதில் கலப்புப் பெட்ரோலை ஊற்றுதல் ஆகாது. எவ்வகை என்பதை வாங்கும்போதே கேட்டறிந்துகொள்க.

பெட்ரோலைக் குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது. பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட கலனில் ஊற்றி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சமையல் அடுப்பும் சாமி விளக்கும் உள்ள அறைகளில் அது இருத்தலாகாது. பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவிலுள்ள தீயையும் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது.

வேலையின் நடுவே பெட்ரோல் தீர்ந்தால், இயந்திரத்தை நிறுத்தி 10 நிமிடமாவது ஆறவிடுங்கள். புகைபோக்கி கொதிக்கும்போது ஊற்றுவது தீயை அழைப்பதாகும். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் விலகிச் சென்று முடுக்குங்கள். வாயில் சிகரெட் கூடவே கூடாது. ஒரு மாதத்திற்குமேல் பயன்படுத்தப் போவதில்லையெனில், தொட்டியைக் காலி செய்து, எஞ்சியது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும். 'போன மாதம் ஓடியது, இன்று ஓடவில்லை' என்னும் முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

புல் சிக்கிக்கொண்டால் ஓடும் இயந்திரத்தில் கைவைக்காதீர்கள். நிறுத்தி, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிய பின்னரே சிக்கலை நீக்க வேண்டும்.

நரம்பு, சங்கிலி, மரப்பட்டை

நரம்பு அடிக்கடி அறுகிறது என்று சலித்து, அதற்குப் பதிலாகச் சங்கிலியையோ இரும்புக் கம்பியையோ கட்டிக்கொள்பவர்கள் உள்ளனர். இது மிகப் பெரிய ஆபத்து. நைலான் நரம்பு அறுந்தால் துவண்டு விழும். இரும்புக் கண்ணி அறுந்தால் கொல்லும். இவ்வாறு பறந்த கண்ணியொன்று ஒருவரின் உயிரைப் பறித்த பின்னர், உலோகத் துண்டுகளைப் பிணைத்த வெட்டுத்தலைகள் விற்பனைக்கு வருவதைத் தடுக்குமாறு 2012இல் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. அதுபோலவே, வெட்டுத்தலையை மூடியுள்ள காப்புத் தகட்டைப் பார்வைக்கு மறைக்கிறதென்று கழற்றிவிடாதீர்கள். அது உங்களுக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள சுவர்.

மரங்களையும் நினையுங்கள். இரப்பர் மரம் சீவிப் பழகிய குடும்பங்களுக்குப் பட்டையின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கத்தி ஆழமாகப் பட்டால் மரத்திற்குக் காயம் என்று நம் பெற்றோர் கண்ணும் கருத்துமாகச் சீவினார்கள். இன்று நாம் ரம்புத்தான் கன்றின் அடியில் புல் வெட்டும்போது, நரம்பு அதன் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடுகிறது. பட்டை வளையமாகப் போய்விட்டால், இலையில் உருவான உணவு வேருக்கு இறங்க வழியில்லை. கன்று மெல்லப் பட்டுப்போகும். மரத்தடியில் ஒரு சாண் அகலத்திற்குக் கையால் களையெடுப்பதே முறை.

காயம் பட்டால்

இத்தனை கவனத்திற்குப் பின்னும் கண்ணில் ஏதேனும் தைத்துவிட்டால், கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், தைத்ததைப் பிடுங்காதீர்கள். காகிதக் குவளை ஒன்றைக் கண்ணின் மேல் படாதவாறு கவிழ்த்து ஒட்டி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவையெனில் 999ஐ அழையுங்கள். வெறும் உறுத்தல்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். புல்லோ இலையோ கீறிய கருவிழியில் பூஞ்சைக் கிருமி புகுந்தால், சில நாட்கள் கழித்தே சிவப்பும் வலியும் வெண்புள்ளியும் தோன்றும். தாய்ப்பால் விடுதல், வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடுதல் ஆகியவை கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் விட்டால், அப்புண் மேலும் பெருகி, பார்வையையே பறித்துவிடக் கூடும்.

அக்கம்பக்கம்

இயந்திரம் நம்முடையது, அதன் ஓசை ஊருடையது. இரவு வேலை முடிந்து உறங்குபவர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, துக்க வீடு, தொழுகை நேரம் ஆகியவற்றை எண்ணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பனி காய்ந்த பின் காலை வேளையே உகந்தது. இடி முழங்கும் மாலையில் வெட்ட வேண்டா.

ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் இயந்திரம் தேவைதானா என்பதையும் எண்ணிப் பாருங்கள். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து தரமான ஒன்றை வாங்கி, ஒருவர் பொறுப்பில் விடலாம். உதிரிப் பாகங்கள் அருகிலுள்ள பட்டணத்தில் கிடைக்குமா என்று விசாரித்து வாங்குங்கள். முற்றம் சிறியதாயின், மின்கலத்தில் இயங்கும் இயந்திரமே போதும். அதில் பெட்ரோல் இல்லை, ஓசையும் குறைவு. ஆனால், அதிலிருந்து பறக்கும் கல்லும் கல்தான். காப்பு முறைகள் அதற்கும் பொருந்தும்.

அன்பர்களே, இயந்திரத்தின் விலை, கடைக்காரர் கூறும் விலையோடு முடிவதில்லை. கண்ணாடி, காதடைப்பான், பூட்ஸ், பெட்ரோல் கலன் ஆகியவற்றையும் சேர்த்ததே அதன் முழு விலை. ஐந்து நிமிட நடையும் அதன் பாகமே; அதற்குக் காசு வேண்டா.

இறுதியாக ஒரு சிறு வேண்டுகோள். இன்று வீடு திரும்பியதும், இயந்திரத்தைத் தொங்கவிடும் ஆணியிலேயே காப்புக் கண்ணாடியையும் தொங்கவிடுங்கள். இயந்திரத்தை எடுக்கும் கை கண்ணாடியைத் தொடாமல் எடுக்க இயலாதபடி, அதனை முன்னால் மாட்டுங்கள். இதுவரை கண்ணாடி வாங்காதவர்கள், அடுத்த துப்புரவுப் பணிக்கு முன் வாங்கிவிடுங்கள். அன்றைய தினம் ஐந்து இயந்திரங்கள் ஒலிக்கும்போது, ஐந்து முகங்களிலும் கண்ணாடியைக் காணவும், பிள்ளைகள் 20 எட்டுக்கு அப்பால் நிற்பதைக் காணவும் நாம் மீண்டும் வருவோம்.